எம்எஸ் நோயில் பி செல்லுக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வைத்தியம் புதுச்சேரியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளை அழைத்துப்போய் பி செல்லைக் குறைக்கிற மருந்தை ஏற்றிக்கொண்டு வருகிறோம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள், சொந்தக்காரர்கள், புதிதாக எம்எஸ் என்று தெரிந்து பயந்துபோய் போன் பண்ணுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நான் டாக்டர் இல்லை. கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தவன், புரியாததை நரம்பியல் டாக்டரிடம் விடாமல் கேட்டவன், அவ்வளவுதான். மருந்து பற்றிய முடிவை உங்கள் டாக்டரோடு சேர்ந்து எடுங்கள், அவர் சொல்வது விளங்குவதற்கு இது கைகொடுக்கும்.

எம்எஸ் என்றால் பக்கவாதமா?

இல்லை. பக்கவாதத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபடும், அல்லது வெடிக்கும். எம்எஸ்ஸில் நம் உடம்பின் காவல் படையே மூளை, கண் நரம்பு, தண்டுவடம் இவற்றில் இருக்கும் நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது. அந்த உறைக்கு மயலின் என்று பெயர். உறை போன இடத்தில் சேதி மெதுவாகப் போகும், சில சமயம் போகவே போகாது. எந்த இடத்தில் உறை போனதோ அதைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் மரத்துப்போகும், இன்னொருவருக்குச் சிறுநீர் அடக்க முடியாது. அதனால்தான் பக்கத்து ஊர் எம்எஸ்காரரையும் உங்கள் வீட்டு எம்எஸ்காரரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

என் தங்கைக்கு அது கண்ணில் ஆரம்பித்தது. அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு கண்ணைப் பொத்தி கேஸ் சிலிண்டரைப் பார்த்தாள், அப்புறம் மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். "அண்ணே, இந்தக் கண்ணுக்கு செவப்பா தெரியுது, அந்தக் கண்ணுக்கு துருப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். கண்ணை அசைத்தால் வலி வேறு. பார்வை நரம்பு வீங்கும்போது முதலில் வெளிறிப்போவது சிவப்பு நிறம்தான் என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. முதலில் காட்டிய இடத்தில் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மூன்று வாரத்தில் பார்வை தானாகத் தெளிந்தது, நாங்களும் மறந்துவிட்டோம். அடுத்த வருஷம் இடது காலில் செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடந்தாள். அந்த ஒரு வருஷம் வீணாய்ப் போனதே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு மங்கினால் கண் டாக்டரோடு நிறுத்தாதீர்கள், நரம்பு டாக்டரையும் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். பாரிஸில் சொந்தம் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களில் இதை "ஸ்க்ளெரோஸ் ஆன் பிளாக்" என்பார்கள். வேறு நோயோ என்று குழம்ப வேண்டாம், இதேதான். 1868-ல் பாரிஸில் ஷார்கோ என்ற டாக்டர் இந்த நோயைத் தெளிவாக அடையாளம் காட்டினார், அந்தப் பெயர்தான் பிரெஞ்சில் நிலைத்தது.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்ததா? சக்தி கூட்டும் பொடி, கஷாயம் கொடுக்கலாமா?

எங்கள் அத்தையிலிருந்து ஆட்டோக்காரர் வரை கேட்கிற கேள்வி இது, அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் விஷயம் நேர் தலைகீழ். எம்எஸ்ஸில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை, அது ஆள் தெரியாமல் அடிக்கிறது. காவலுக்கு நிறுத்திய ஆள் வீட்டுக்காரரையே அடிக்கும்போது அவன் கையில் இன்னும் பெரிய தடியைக் கொடுப்பார்களா? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சீட்டு ஒட்டி விற்கிற எதையும், அது எவ்வளவு பாரம்பரியமானதாக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நல்ல சாப்பாடு, தூக்கம், வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் சொன்ன அளவில் அது, இவ்வளவு போதும்.

சரி, பி செல் என்பது யார்?

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. அதில் லிம்போசைட் என்று ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் டி செல், பி செல் என்று இரண்டு பெரிய பிரிவு. ரத்தத்தில் ஓடுகிற லிம்போசைட்டில் பி செல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, மிச்சப் பி செல்கள் நெறிக்கட்டிகளிலும் மண்ணீரலிலும் தங்கியிருக்கும். புதுக் கிருமி வந்தால் அதன் முகத்தை நினைவில் வைப்பது, பிறகு பிளாஸ்மா செல்லாக மாறி, கிருமியைப் பிடிக்கிற புரதமான ஆன்டிபாடியைச் சுரப்பது, இதுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வேலை.

"பி" என்ற எழுத்து கோழியிலிருந்து வந்தது. கோழியின் வால் பக்கம் பர்சா என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. 1950-களில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பையைக் குஞ்சிலேயே எடுத்துவிட்டால் கோழிக்கு ஆன்டிபாடி சரியாக வருவதில்லை என்று பார்த்தார். அந்தப் பையில் வளர்கிற அணுவுக்கு பி என்று பெயர் வந்தது. நமக்கு அந்தப் பை கிடையாது, எலும்பு மஜ்ஜையில்தான் பி செல் பிறக்கிறது. இந்த மஜ்ஜை விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பி செல் எம்எஸ்ஸில் செய்கிற தப்பு என்ன?

இதுதான் இந்தப் பக்கத்துக்கே காரணமான கேள்வி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ரொம்ப காலம் எம்எஸ் என்றால் டி செல்லின் வேலை என்றுதான் நினைத்தார்கள். ஆராய்ச்சிக்கூட எலிகளுக்கு மயலின் புரதத்தை ஊசியாகப் போட்டால் டி செல் கிளம்பி எம்எஸ் போன்ற ஒரு நோயை உண்டாக்கும், அதை வைத்தே பல மருந்துகளைத் தேடினார்கள். ஆனால் பி செல் மேல் சந்தேகம் வரவும் காரணம் இருந்தது. 1942-லேயே எல்வின் காபட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் எம்எஸ்காரர்களின் தண்டுவட நீரில் காமா குளோபுலின், அதாவது ஆன்டிபாடி வகைப் புரதம், கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். ஆன்டிபாடி இருந்தால் பி செல் அங்கே வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனாலும் அதைப் பின்விளைவு என்று ஒதுக்கிவைத்தவர்கள்தான் அதிகம்.

பிறகு ஸ்டீபன் ஹவுசர் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டரின் குழு, பி செல்லை மொத்தமாக எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று ரிட்டுக்ஸிமாப் மருந்தைச் சோதித்தது. 2008-ல் முடிவு வெளியானது. 104 பேர்தான், சின்னச் சோதனை. மருந்து ஏற்றியவர்களுக்கு எம்ஆர்ஐ-யில் புதிதாகக் கொதித்துக்கொண்டிருக்கும் புள்ளிகள் 91 சதவீதம் குறைந்திருந்தன.

இதில் எனக்கு மலைப்பாக இருப்பது அடுத்த விஷயம். ரிட்டுக்ஸிமாப் பிடிப்பது பி செல்லின் மேல் இருக்கிற சிடி20 என்ற அடையாளத்தை. ஆன்டிபாடியைச் சுரக்கிற பிளாஸ்மா செல்லில் அந்த அடையாளம் கிடையாது. ஆக, ஆன்டிபாடித் தொழிற்சாலை பெரும்பாலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, தண்டுவட நீரில் அந்த ஆன்டிபாடிப் புரதமும் இருக்கிறது, ஆனால் நோய் அடங்குகிறது, அதுவும் சில வாரங்களிலேயே. அப்படியானால் பி செல்லின் முக்கியமான தப்பு ஆன்டிபாடி சுரப்பதில் இல்லை, வேறெதிலோ இருக்கிறது.

அந்த வேறெது என்ன? ஆள்காட்டி வேலை. வயல்வெளியில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆள்காட்டிக் குருவி கத்தி ஊரைக் கூட்டும் இல்லையா, அது மாதிரி. பி செல் ஒரு புரதத் துண்டைப் பிடித்துத் தன் மேலே தூக்கிக் காட்டி, "இதோ எதிரி" என்று டி செல்லுக்குச் சொல்லும். கிருமியைக் காட்டினால் நல்லது. மயலின் துண்டையோ அதைப் போன்ற ஒன்றையோ காட்டினால் டி செல் மூளையை நோக்கிக் கிளம்பிவிடும். காட்டுவதோடு நிற்பதில்லை, ஐஎல்-6, ஜிஎம்-சிஎஸ்எஃப், டிஎன்எஃப் என்று வீக்கத்தைத் தூண்டும் ரசாயனங்களையும் எம்எஸ்காரர்களின் பி செல்கள் கூடுதலாக விடுகின்றன. இந்தக் கத்தல் நின்றால் கூட்டம் கலைகிறது. டி செல்லுக்கு நோயில் பங்கு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, அடிப்பது பெரும்பாலும் அதுதான், கிளப்பிவிடுவதில் பி செல்லின் கை இருக்கிறது. (சில டி செல்களின் மேலும் சிடி20 லேசாக உண்டு, அவையும் மருந்தில் போகின்றன, அதுவும் பலனில் சேரும் என்கிறார்கள்.)

இன்னொன்றும் உண்டு. நோய் முற்றிய சிலருக்கு மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் பி செல்கள் கூடுகட்டி உட்கார்ந்திருப்பதை இறந்தபின் செய்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூட்டுக்கு அடியில் இருக்கிற மூளைப் பரப்பு அதிகம் சேதமாகியிருந்தது.

அப்படியானால் பி செல் எல்லாமே கெட்டதா?

இல்லவே இல்லை. அட்டாசிசெப்ட் என்று ஒரு மருந்து, பி செல் வளரத் தேவையான இரண்டு சேதிகளை மறிப்பது. காகிதத்தில் பார்த்தால் எம்எஸ்ஸுக்குப் பொருத்தம்தான். 2009-ல் அதன் சோதனையை நடுவில் நிறுத்தினார்கள், மருந்து எடுத்தவர்களுக்கு நோய்த் தாக்குதல் கூடியிருந்தது. பி செல்லில் சமாதானப்படுத்துகிற வகையும் உண்டு, ஐஎல்-10 என்ற ரசாயனத்தை விட்டு வீக்கத்தை ஆற்றுகிற வகை. அந்தச் சமநிலை கெட்டதுதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். எந்தப் பி செல்லை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "பி செல் மருந்துதானே, எதுவானால் என்ன" என்று இந்தப் படிப்பினைக்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

இது ஏன் ஆரம்பிக்கிறது? தொற்றுமா?

எம்எஸ் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

ஆனால் ஒரு வைரஸுக்குப் பங்கு இருக்கிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ், எச்சில் வழியாகப் பரவுவது, உலகில் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இருப்பது. அது வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும் இடம் எது தெரியுமா? பி செல்லேதான். அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் ரத்த மாதிரிகளை வைத்து அல்பெர்டோ அஷெரியோவின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்எஸ் வரும் அபாயம் 32 மடங்கு கூடியிருந்தது. அதே வருஷம் இன்னொரு குழு, சில எம்எஸ்காரர்களின் பி செல்கள் சுரக்கிற ஆன்டிபாடி இந்த வைரஸின் ஒரு புரதத்தையும் மூளையில் இருக்கிற கிளையல்கேம் என்ற புரதத்தையும் ஒன்றாகப் பிடிப்பதைக் காட்டியது. முகச்சாயல் ஒன்றாக இருப்பதால் ஆள் மாறிப்போகிறது. வைரஸ் இருக்கிற மிகப் பெரும்பாலானோருக்கு எம்எஸ் வருவதே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பரம்பரைக் கூறு, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல், இப்படிப் பல சேர வேண்டும். ஹவுசருக்கும் அஷெரியோவுக்கும் 2025-ல் பிரேக்த்ரூ பரிசைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

முதுகில் நீர் எடுக்கணும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடுமா?

போகாது. ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. இரண்டு நாள் தலைவலி வரலாம், படுத்தால் குறையும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். அந்த நீரில் ஆலிகோகுளோனல் பேண்ட் என்கிற கோடுகள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் இல்லாத கோடுகள் நீரில் இருந்தால் பி செல் கூட்டம் உள்ளேயே உட்கார்ந்து சுரக்கிறது என்று பொருள். 2017-ல் திருத்திய மெக்டொனால்ட் விதிகளின்படி, முதல் தாக்குதலிலேயே, எம்ஆர்ஐ-யும் ஒத்துப்போனால், இந்தக் கோடுகளை வைத்து எம்எஸ் என்று முடிவு செய்ய முடியும். இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்க வேண்டாம். எங்களுக்கு அப்போதே இது தெரிந்திருந்தால்!

எம்எஸ் என்று சொன்னது வேறு நோயாக இருக்க வாய்ப்புண்டா?

உண்டு, இதைக் கட்டாயம் கேளுங்கள். என்எம்ஓ என்று ஒரு நோய், கண்ணையும் தண்டுவடத்தையும் இன்னும் கடுமையாகத் தாக்குவது. 2004-ல் அதற்குக் காரணமான அக்வபோரின்-4 ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஆன்டிபாடியே நேரடிக் குற்றவாளி, எம்எஸ் போல அல்ல. மாக் (எம்ஓஜி) ஆன்டிபாடி நோய் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை என்எம்ஓ-வை மோசமாக்கலாம், அதனால் சந்தேகம் இருந்தால் இந்த இரண்டு ரத்தப் பரிசோதனையையும் செய்துவிட்டு மருந்தைத் தொடங்குவது நல்லது.

கேன்சர் மருந்தை எதற்குக் கொடுக்கிறார்கள்?

வார்டில் ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு அழுதார்கள், மகளுக்குப் புற்றுநோயை மறைக்கிறார்களோ என்று. ரிட்டுக்ஸிமாப் 1997-ல் லிம்போமா என்ற புற்றுநோய்க்கு முதலில் அனுமதி பெற்றது உண்மை. அந்தப் புற்றுநோய் பி செல்லில் வருவது, அதனால் பி செல்லை எடுக்கிற மருந்து. இங்கேயும் எடுக்க வேண்டியது பி செல்தான், காரணம் வேறு. முடி கொட்டுகிற வகைக் கீமோ இல்லை இது.

இதே வழியில் எம்எஸ்ஸுக்கென்றே வந்தது ஓக்ரெலிசுமாப். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி, இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டால் வருஷத் தாக்குதல்கள் பாதிக்கு நெருக்கமாகக் குறைந்தன. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல மோசமாகும் வகை எம்எஸ்ஸுக்கு அனுமதி பெற்ற முதல் மருந்தும் அதுதான். ஒஃபாட்டுமுமாப் 2020-ல் வந்தது, மாதம் ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ரிட்டுக்ஸிமாப் ஏன் கைக்கு எட்டுகிறது என்றால், 2007-லேயே இந்திய நிறுவனம் ஒன்று அதன் பயோசிமிலரை, அதாவது அதே மாதிரியான மருந்தை, கொண்டுவந்துவிட்டது, இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன, ஓக்ரெலிசுமாப்பை விட விலை மிகக் குறைவு. அதன் சீட்டில் எம்எஸ் என்று இருக்காது, இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்எஸ்ஸுக்காக அதைச் சேர்த்தது. ஸ்வீடனில் 195 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான சோதனையில் ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் தாக்குதல் திரும்பியது, டைமெத்தில் ஃபூமரேட் என்ற மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். விலை குறைவு என்பதால் மட்டம் என்று நினைத்து வருத்தப்படாதீர்கள்.

பி செல் எல்லாம் போய்விட்டால் ஒரு சளி வந்தாலும் ஆபத்தா?

எல்லாம் போவதில்லை. மஜ்ஜையில் இருக்கிற தாய் அணுவுக்கும் சிடி20 கிடையாது, கடைசியில் இருக்கிற பிளாஸ்மா செல்லுக்கும் கிடையாது. நடுவில் இருப்பவைதான் போகின்றன. பழைய தடுப்பூசிகளின் ஆன்டிபாடி பெரும்பாலும் இருக்கும், புதிய பி செல்கள் சில மாதங்களில் மஜ்ஜையிலிருந்து மறுபடி வரும். அதனால்தான் ஆறு மாதக் கணக்கு.

ஆனால் அலட்சியமும் கூடாது. முதல் டோஸுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், பழைய தொற்று பதுங்கியிருந்தால் இந்த மருந்தில் திரும்ப எழுந்து கல்லீரலைக் கெடுத்துவிடும். நம் நாட்டில் காசநோயும் பார்ப்பார்கள். தடுப்பூசி பாக்கி இருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள், மருந்துக்குப் பிறகு போட்டால் உடம்பு சரியாகக் கற்றுக்கொள்ளாது, உயிர்க் கிருமி வகைத் தடுப்பூசி கூடவே கூடாது. வருஷங்கள் போகப் போக இம்யூனோகுளோபுலின், அதாவது ரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடி, அளவு இறங்கலாம், அதை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

மருந்து ஒழுங்காகப் போகிறது, புதுப் புள்ளியும் இல்லை. ஆனால் நடை மட்டும் ஏன் தளர்கிறது?

மனதை அறுக்கிற கேள்வி. இந்த மருந்துகள் பெரிய புரதங்கள், மூளைக்குள் நுழைவது ரொம்பக் கொஞ்சம். வெளியிலிருந்து புதுக் கூட்டம் வருவதைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே போய்ச் சவ்வில் குடியேறியதையும், மூளைக்கே சொந்தமான மைக்ரோகிளியா என்ற அணுக்களின் புகைச்சலையும் அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் சீக்கிரம் தொடங்குங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன், கூட்டம் குடியேறும் முன் தடுப்பதுதான் இந்த மருந்துக்கு நன்றாக வருகிற வேலை.

மூளைக்குள் போகக்கூடிய சின்ன மூலக்கூறுகளைச் சோதித்து வருகிறார்கள், பிடிகே தடுப்பான்கள் என்று பெயர். எவோபுரூட்டினிப் 2023-ல் தோற்றது. டோலெபுரூட்டினிப் 2024-ல் வந்த முடிவில், தாக்குதல் இல்லாமல் மோசமாகிற வகையில் தளர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, கல்லீரல் பாதிப்பு ஒரு கவலை. நடையைப் பொறுத்தவரை பிசியோதெரபியை விடாதீர்கள்.

வெயிலில் மட்டும் மோசமாகிறதே?

உறை போன நரம்பு சூட்டில் இன்னும் திணறும். கத்திரி வெயிலில் மஞ்சக்குப்பம் வரை போய்வந்தால் தங்கைக்குக் கண் மங்கும், ஈரத்துண்டும் மின்விசிறியுமாக அரைமணி நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். இது பி செல் செய்கிற புதுத் தாக்குதல் அல்ல. ஒரு நாளைக்கு மேல் நீடித்தால்தான் புதுத் தாக்குதலோ என்று பார்க்க வேண்டும்.

கல்யாணம், குழந்தை?

இரண்டும் உண்டு. பெற்றோரிடமிருந்து நேராக இறங்குகிற நோய் இல்லை, அபாயம் கொஞ்சம் கூடும், அவ்வளவே. குழந்தைக்குத் திட்டமிடும்போது டோஸ் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைக்க வேண்டும். நோயை மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள், அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம்.

சான்றிதழ் கிடைக்குமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்எஸ் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்தைத் தொட்டால் சலுகைகள் உண்டு, யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

ஏற்றுகிற நாள் எப்படி இருக்கும்?

நாங்கள் காலை ஐந்தரை பஸ் ஏறுவோம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் தாண்டி அரியாங்குப்பம் பாலம் வரும்போது விடிந்திருக்கும். முதலில் பாராசிட்டமால், அலர்ஜி ஊசி, ஸ்டீராய்டு. அரைமணி நேரம் கழித்து மருந்தை மிக மெதுவாக ஆரம்பிப்பார்கள், தாங்கினால் அரைமணிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். முதல் தடவைதான் கவனம். தங்கைக்கு இருபதாவது நிமிஷம் தொண்டைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, காது மடல் சிவந்தது, சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன், அவர் உடனே நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பாதி வேகத்தில் திரும்ப ஆரம்பித்தார், அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. தொண்டை அரிப்பு, மூச்சு இறுக்கம், குளிர் நடுக்கம் எது வந்தாலும் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலை சாப்பிடலாமா என்று முந்தின நாளே கேளுங்கள், மருந்து ஏறும்போது பிரஷர் இறங்கும். ஒரு போர்வை, இட்லிப் பொட்டலம், பழைய எம்ஆர்ஐ படங்கள், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இவ்வளவும் பையில் இருக்கட்டும். கிளம்பும் முன், அடுத்த சிடி19 எண்ணிக்கை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிடி19 பி செல்லின் மேல் இருக்கிற இன்னொரு அடையாளம், பி செல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று காட்டுவது அதுதான், சில டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் அடுத்த டோஸைத் தள்ளிவைக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள்.